எப்பாக்சியில் கார்பன் நானோகுழாய்: கட்டி தட்டாமல் கலப்பது

கேழ்வரகுக் கூழ் காய்ச்சுகிறவர்கள் மாவை நேராகக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டமாட்டார்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் கரைப்பார்கள், கட்டிகளை விரலால் நசுக்குவார்கள், அப்புறம்தான் பானையில் ஊற்றுவார்கள். கெட்டியான கரைசலில்தான் விரலின் அழுத்தம் கட்டியின் மேல் விழும். நீர்க்கக் கரைத்தால் கட்டி விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவி ஓடும். எப்பாக்சி என்பது ஹார்டனர் சேர்த்தால் இறுகும் பிசின் (ரெசின்), கார்பன் நானோகுழாய் என்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள கார்பன் குழாய்களின் தூள். எப்பாக்சிக்குள் இந்தக் குழாயைப் பரப்பும் வேலையில் முக்கால் பங்கு இந்தச் சூட்சுமம்தான். எடைக்கணக்கு, காற்றுக்குமிழ், சிங்கப்பூரின் ஈரக்காற்று ஆகிய மூன்றும் மீதிக் கால் பங்கு. பாழான தகடுகளில் பெரும்பாலானவை அந்தக் கால் பங்கில்தான் பாழாகின்றன, பழி மட்டும் நானோகுழாய்மேல் விழுகிறது.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நானோகுழாயின் விறைப்பு ஏறக்குறைய 1000 ஜிகாபாஸ்கல், இறுகிய எப்பாக்சியின் விறைப்பு 3 ஜிகாபாஸ்கல் அளவில். இந்த இரண்டு எண்களையும் அருகருகே பார்த்ததும் பலருக்கு ஆசை வந்துவிடும். எடையில் 0.5% சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் அடர்த்தி 1.8, எப்பாக்சியின் அடர்த்தி 1.15 என்று கொண்டால், கன அளவில் அது 0.32% மட்டுமே. குழாய்கள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடப்பதால் ஒரு திசையில் இழுக்கும்போது ஐந்தில் ஒரு பங்குதான் பயன்படும். 0.0032 பெருக்கல் 1000 பெருக்கல் 0.2. விடை 0.64 ஜிகாபாஸ்கல். எல்லாம் கச்சிதமாக அமைந்தாலும் 3.0 என்பது 3.6 ஆகும், அவ்வளவுதான் உச்சம். உண்மையில் குழாய்கள் நேராக இருப்பதில்லை, சுருண்டு கிடக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள் அடங்கிய பல சுவர் குழாயில் வெளிச்சுவர் மட்டுமே சுமையை வாங்கும், உள்சுவர்கள் வழுக்கிக்கொள்ளும். ஆகவே கைக்கு வருவது பெரும்பாலும் 5 முதல் 10% உயர்வு. விறைப்புதான் வேண்டுமென்றால் அந்தப் பணத்துக்கு இன்னும் ஓர் அடுக்கு கார்பன் துணி வாங்கிப் போடுங்கள், வேலை சுலபமாக முடியும்.

பிறகு எதற்கு இது? மூன்று காரணங்கள் தேறும். முதலாவது மின்கடத்தல். இரண்டாவது விரிசல் தாங்கும் திறன்: சாதாரண எப்பாக்சியில் 0.65 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர் அளவில் இருப்பது, நன்றாகப் பரவிய 0.3 முதல் 0.5% குழாயோடு 0.8, சில சமயம் 0.9 வரை ஏறும். விரிசலின் இரு கரைகளையும் குழாய்கள் தையல் நூல்போலப் பிடித்துக்கொள்கின்றன, உருவப்படும்போது ஆற்றலை விழுங்குகின்றன. மூன்றாவது, இழைத் துணி அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பு. அடுக்குகள் பிரிவது ரெசினின் பலவீனத்தால் வருவது. இழை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அங்கே உதவாது, ரெசினைத் திருத்தினால்தான் உண்டு.

எந்தக் குழாய் வாங்குவது என்பதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சராசரி 9.5 நானோமீட்டர் தடிமன், 1.5 மைக்ரான் நீளம், 90% கார்பன் என்று விற்கப்படும் பல சுவர் குழாயே பெரும்பாலான வேலைக்குப் போதும். மீதி 10% உற்பத்தியில் பயன்பட்ட வினையூக்கியின் உலோக ஆக்சைடு. ஒற்றைச் சுவர் குழாய் குறைந்த அளவிலேயே மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் கயிறுபோல முறுக்கிக்கொண்டு கட்டுக்கட்டாக இருக்கும், அதைப் பிரிப்பது தனிப் போராட்டம். அதை வாங்குவதானால் ஏற்கெனவே ரெசினில் கலந்து விற்கும் கெட்டிக் கலவையாக வாங்குங்கள்.

கிராஃபீன் (ஓர் அணுத் தடிமனுள்ள கார்பன் தாள்) என்று டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் உலகின் 60 நிறுவனங்களின் மாதிரிகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவு, மீதி மெல்லிய கிராஃபைட். கிராஃபைட் தகடு கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. நீராவியைத் தடுக்கும் பூச்சுக்கும் வெப்பம் கடத்துவதற்கும் நன்றாகவே உதவும், 1 முதல் 5% வரை போடலாம். ஆனால் கிராஃபீன் விலை கொடுத்து கிராஃபைட் வாங்குவது என்ன நியாயம்? தகட்டின் தடிமன், அகலம், அடுக்கு எண்ணிக்கை, ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கார்பனின் அமைப்பைக் காட்டும் வரைபடம்) நான்கையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

அமிலத்தில் கொதிக்கவைத்துக் குழாயின் மேற்பரப்பைத் தயார்செய்யும் பழக்கம் இன்னும் பல ஆய்வகங்களில் இருக்கிறது: கந்தக அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு. பரவல் சுலபமாகும், ஆனால் குழாய் வெட்டுப்படும், சுவர் ஓட்டையாகும். ராமன் நிறமாலையில் 1350-இல் வரும் முகடு 1580-இல் வரும் முகட்டோடு ஒப்பிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்த்தால் சேதம் தெரியும். மின்கடத்தல் வேண்டுமென்றால் இந்த வேலையே வேண்டாம்.

இனி எடைக்கணக்கு. ரெசின் சாதாரண பிஸ்ஃபீனால்-ஏ எப்பாக்சி, எப்பாக்சி சமன எடை 187. ஹார்டனர் டி-230 வகை பாலிஈதர் அமீன், அதன் அமீன் ஹைட்ரஜன் சமன எடை 60. அதாவது 187 கிராம் ரெசினோடு முழுதாக வினைபுரிய 60 கிராம் ஹார்டனர் வேண்டும். 200 கிராம் ரெசினுக்கு, 200 வகுத்தல் 187 பெருக்கல் 60, அதாவது 64.2 கிராம் ஹார்டனர். மொத்தம் 264.2 கிராம். இதில் 0.3% வரவேண்டுமென்றால் 0.80 கிராம் குழாய். தூய்மை 90% என்றால் உண்மையில் கார்பன் 0.72 கிராம்தான். அறிக்கையில் எதைச் சொல்கிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அந்த 0.80 கிராமை 39.2 கிராம் ரெசினில் போட்டால் 2% கெட்டிக் கலவை 40 கிராம் கிடைக்கும். அதை மீதி 160.8 கிராம் ரெசினோடு சேர்த்தால் ரெசின் சரியாக 200. ஹார்டனரைக் கணக்கிடும்போது கெட்டிக் கலவையின் மொத்த எடையை ரெசின் என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. 2 சதவீதத்தில் அது பெரிதாகத் தெரியாது. கடையில் வாங்கிய 10% கலவையில் இதைச் செய்தால், 100 கிராமில் ரெசின் 90 தான், அந்தப் பகுதிக்கு ஹார்டனர் 11% அதிகமாகிவிடும். கண்ணாடி நிலை மாறும் வெப்பநிலை (இறுகிய ரெசின் விறைப்பிழந்து மென்மையாகும் சூடு) சரிந்துவிடும், அதற்கும் குழாயைத்தான் திட்டுவார்கள்.

கலக்கும் கருவி எது என்று கேட்டால், தயங்காமல் மூன்று உருளை ஆலை. பெயின்ட், மை அரைக்கப் பயன்படும் அதே இயந்திரம். மூன்று உருளைகளும் 1:3:9 என்ற வேக விகிதத்தில் சுற்றும், இடைவெளியில் சிக்கிய கலவை இழுபட்டுக் கிழிபடும். கெட்டியான ரெசின் இருந்தால்தான் இந்த இழுப்பு கட்டிக்குள் போய்ச் சேரும். முதலில் குழாயை ரெசினில் கரண்டியால் மெதுவாக நனைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுபோன்ற தூள் இது, ஒரு கிராமே 15 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும், வேகமாகக் கிளறினால் பறக்கும். நனைந்த கலவையை ஓரிரவு மூடிவைத்தால் ரெசின் கட்டிக்குள் ஊறிவிடும். பிறகு உருளைகளின் முதல் இடைவெளி 120, இரண்டாவது 40 மைக்ரான் (120-க்கு 40) வைத்து ஒரு முறை, 60-க்கு 20-இல் ஒரு முறை, 15-க்கு 5-இல் நான்கிலிருந்து ஆறு முறை. எடுத்த எடுப்பிலேயே 5 மைக்ரான் வைத்தால் கட்டிகள் உள்ளே போகாமல் மேலேயே உருண்டுகொண்டிருக்கும், சுத்தமான ரெசின் மட்டும் கீழே இறங்கும். கிண்ணத்தில் வந்து சேர்வது நீங்கள் எடைபோட்ட கலவையாக இருக்காது.

உருளைகளில் எப்படியும் பல கிராம் ஒட்டிக்கொள்ளும். 40 கிராம் வேண்டுமென்றால் 60 கிராம் போடுங்கள். அரைத்து முடித்த கலவையின் உண்மையான அளவைச் சரிபார்க்க ஒரு சுலப வழி உண்டு: ஒரு கிராம் எடுத்து அசிட்டோனில் கரைத்து, 0.45 மைக்ரான் டெஃப்லான் வடிதாளில் வடிகட்டி, கழுவி, உலர்த்தி, எடைபோடுங்கள். 20 மில்லிகிராமுக்குப் பதிலாக 15 வந்தால் எங்கோ குழாய் விடுபட்டிருக்கிறது.

ஓட ஓட உருளை சூடேறும், ரெசின் இளகும், இழுப்பு குறையும். அதனால் குளிர்நீர் ஓடவிடுகிறார்கள். இங்கேதான் நம் ஊர் பாடம் புகட்டும். குளிர்சாதன அறையில் 23 டிகிரி, ஈரப்பதம் 60% என்றால் பனி படியும் வெப்பநிலை ஏறக்குறைய 15 டிகிரி. குளிர்நீரை 10-இல் வைத்தால் உருளைமேல் வியர்க்கும், அந்தத் தண்ணீர் நேராகக் கலவைக்குள் போகும். 20-க்குக் கீழே போகவேண்டாம். இதேபோல இன்னொன்று: 23 டிகிரி அறையில் இருந்த ரெசின் வாளியை 31 டிகிரி, 75% ஈரப்பதமுள்ள பட்டறைக்குக் கொண்டுபோய் உடனே திறந்தால், வெளியே பனி படியும் அளவு 26 டிகிரி, வாளி அதைவிடக் குளிர்ச்சி. தேநீர்க் கடையில் ஐஸ் மைலோ கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல ரெசினின் மேல்பரப்பும் வியர்க்கும். மூடியோடு சில மணி நேரம் வெளியே வைத்துச் சமநிலைக்கு வந்தபிறகு திறங்கள்.

சோனிகேட்டர் (மீயொலி அதிர்வால் கட்டியைப் பிரிக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அதைத்தான் பயன்படுத்துவார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 20 கிலோஹெர்ட்ஸ், 13 மில்லிமீட்டர் முனை, 0.80 கிராம் குழாய் 400 மில்லிலிட்டர் அசிட்டோனில், 2 வினாடி ஓட்டம் 2 வினாடி ஓய்வு, சுற்றிலும் ஐஸ், எல்லாம் புகைக்கூண்டுக்குள். அசிட்டோனின் தீப்பற்று நிலை உறைநிலைக்கும் கீழே, கொதிநிலை 56 டிகிரி, சூடான முனையோடு விளையாடக்கூடாது. எத்தனை நிமிடம் என்று குறித்துவைப்பதைவிட, கருவி காட்டும் வாட்டை வினாடியால் பெருக்கி ஜூலாகக் குறித்துவையுங்கள். 40 வாட்டில் 30 நிமிட ஓட்டம் 72 கிலோஜூல். முனை தேய்ந்தால் அதே நிமிடங்களுக்கு வேறு ஆற்றல்தான் போகும். முனை தேய்வதென்றால் டைட்டானியம் துகள் உங்கள் கலவைக்குள் போகிறது என்றும் அர்த்தம். அதிகமாக ஓட்டினால் குழாய் ஒடியும். குழாயின் நீளம் பாதியானால் மின்கடத்தலுக்குத் தேவையான அளவு இரண்டு மடங்காகும்.

அசிட்டோனை வெளியேற்றுவதுதான் இந்த வழியின் பெரிய தலைவலி. ரெசினைச் சேர்த்து, 70 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் விடாமல் கிளறிக்கொண்டே ஆவியாக்கி, பிறகு 80 டிகிரியில் வெற்றிட அடுப்பில் வையுங்கள். கிளறலை நிறுத்தினால் இளகிய ரெசினில் குழாய்கள் மறுபடியும் ஒன்றையொன்று தேடிப்போய்க் கட்டி தட்டும். மணிக்கு ஒரு முறை எடைபோட்டு, அடுத்தடுத்த இரண்டு எடைகள் 0.05 கிராமுக்குள் ஒத்துப்போனால்தான் முடிந்தது என்று அர்த்தம். மூக்கை நம்பாதீர்கள். மிச்சமிருக்கும் அசிட்டோன் இரண்டு விதத்தில் கெடுக்கும்: இறுகிய ரெசினை மென்மையாக்கும், அதோடு முதன்மை அமீனோடு வினைபுரிந்து ஹார்டனரையே தின்னும். டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானில் குழாய் நன்றாகவே பரவும், ஆனால் அதன் கொதிநிலை 153 டிகிரி, ரெசினிலிருந்து முழுதாக வெளியேற்றுவது நடக்கிற காரியமில்லை.

காந்தக் கிளறியும் சாதாரணத் துளையிடும் இயந்திரத்தில் மாட்டிய துடுப்பும் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு மணி நேரம் ஓடினால் கலவை கன்னங்கரேலென்று ஆகிவிடும், நன்றாகக் கலந்துவிட்டதுபோலத் தெரியும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து மேலே மெல்லிய மூடி அழுத்தி நுண்ணோக்கியில் 100 மடங்கில் பார்த்தால் 50, 100 மைக்ரான் கட்டிகள் மிதக்கும். பெயின்ட் கடைக்காரர்கள் வைத்திருக்கும் 0 முதல் 25 மைக்ரான் அரைப்பு அளவுகோல் இன்னும் மலிவு. கோடுகள் 5 மைக்ரானுக்கு மேல் தெரிந்தால் ஆலைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

நீர்க்கச் செய்வதையும் படிப்படியாகச் செய்யவேண்டும். 40 கிராம் கெட்டிக் கலவையோடு 40 கிராம் ரெசின், கலந்தபிறகு இன்னும் 40, பிறகு மீதி. கோள்சுழற்சிக் கலப்பான் (பாத்திரம் தானும் சுழன்று வட்டத்திலும் சுற்றும் இயந்திரம்) இருந்தால் ஒவ்வொரு முறையும் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 3 நிமிடம். கெட்டிக் கலவையை ஒரேயடியாக நிறைய ரெசினில் போட்டால் அது உருண்டையாகவே சுற்றிக்கொண்டிருக்கும். கூழ்ப் பானையில் கடைசியாகக் கிடைக்கும் அந்த ஒரு கட்டி மாதிரி.

காற்றை வெளியேற்றுவது ஹார்டனர் சேர்ப்பதற்கு முன்பே தொடங்கவேண்டும். 60 டிகிரியில் 30 நிமிடம் வெற்றிடம். நுரை பொங்கும், பாத்திரம் கலவையைப்போல ஐந்து மடங்கு பெரிதாக இருக்கட்டும். சாதாரண ரெசினில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும்: 0.5% குழாய் சேர்ந்த ரெசின் தயிர்போல நிற்கும், அசைத்தால்தான் ஓடும். அப்படிப்பட்ட பொருளில் சிறு குமிழிக்கு மேலே எழும்பும் வலு இருக்காது, எத்தனை மணி நேரம் வெற்றிடத்தில் வைத்தாலும் அங்கேயே குடியிருக்கும். வெற்றிடத்திலேயே கிளறவேண்டும், அல்லது கலப்பானையே வெற்றிடத்தில் ஓட்டவேண்டும். ஹார்டனர் சேர்த்தபின் அறை வெப்பத்தில் இன்னொரு 10 நிமிடம் போதும்.

இறுக்குவது 80 டிகிரியில் 2 மணி, பிறகு 125-இல் 3 மணி. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 80 டிகிரிக்குச் சூடாகும்போது, ஜெல்லாவதற்கு (ஓடாமல் கெட்டிப்படுவதற்கு) முன், ரெசின் தண்ணீராக இளகும். அந்தச் சில நிமிடங்களில் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வலை பின்னும். மின்கடத்தலுக்கு அது வரம். உருளைபோன்ற துகள்கள் தற்செயலாகச் சிதறிக் கிடந்தால், 9.5 நானோமீட்டருக்கு 1.5 மைக்ரான் என்ற விகிதத்துக்குக் கன அளவில் ஏறக்குறைய 0.44% வேண்டும் என்று கோட்பாடு சொல்லும். நடைமுறையில் 0.1 சதவீதத்திலேயே கடத்துவதற்குக் காரணம் இந்த வலைப்பின்னல்தான். ஆனால் உறுதிக்கு அது கேடு, கூடிய இடங்கள் விரிசல் தொடங்கும் இடங்களாகும். ஒரே தகட்டில் உச்ச மின்கடத்தலும் உச்ச உறுதியும் கேட்கிறவர்களுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவேண்டியிருக்கும். உறுதி வேண்டுமென்றால் முதலில் 40, 50 டிகிரியில் ஜெல்லாகவிட்டுப் பிறகு சூட்டை ஏற்றுங்கள்.

வெளிப்பட்டறையில் வேலை செய்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்கவேண்டும். 23 டிகிரிக்குச் சொன்ன வேலை நேரம் 31 டிகிரியில் ஏறக்குறைய 40% குறையும். சில அமீன் ஹார்டனர்கள் ஈரக்காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து மேற்பரப்பில் மெழுகுபோலப் பூக்கும். அடுத்த அடுக்கு அதன்மேல் ஒட்டாது. அசிட்டோனால் துடைத்தால் அது பரவத்தான் செய்யும். வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும், பிறகு உலர்த்தித் தேய்த்துவிடுங்கள். குழாய்த் தூளும் திறந்த பையில் ஈரத்தை இழுக்கும். பயன்படுத்தும் முன் 100 டிகிரியில் ஓரிரவு வெற்றிட அடுப்பில் வையுங்கள்.

ஒப்பீட்டுத் தகடு பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. குழாய் இல்லாத ரெசினைக் கையால் கலந்து ஊற்றிய தகட்டோடு, ஆலையில் அரைத்துக் கரைப்பானில் ஊறவைத்து வெற்றிடத்தில் காய்ச்சிய குழாய்த் தகட்டை ஒப்பிட்டு 'இவ்வளவு உயர்வு' என்று எழுதுவது கணக்கே இல்லை. நடுவில் மூன்றாவது தகடு வேண்டும்: குழாய் இல்லை, ஆனால் அதே ஆலை, அதே அசிட்டோன், அதே வெற்றிடம். பல சமயம் பாதி உயர்வு அந்தத் தகட்டிலேயே வந்துவிடும், ஏனென்றால் உண்மையில் நடந்தது காற்றுக்குமிழ் குறைந்ததுதான்.

சோதனைகளில் ஏஎஸ்டிஎம் அமைப்பின் சோதனைத் தரங்கள்: இழுவைக்கு டி638, விரிசலுக்கு டி5045, அடுக்குகளின் வெட்டு உறுதிக்கு டி2344, அடுக்குப் பிரிதலுக்கு டி5528. டி5045-இல் வெட்டிய பள்ளத்தோடு நிறுத்திவிடாமல், புது சவர பிளேடை வைத்துத் தட்டி உண்மையான கூர்விரிசல் உண்டாக்கவேண்டும். பள்ளத்தின் மழுங்கிய முனையிலேயே சோதித்தால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும், கேட்கவே இனிமையாக இருக்கும். விரிசலின் நீளம் மாதிரியின் அகலத்தில் 0.45 முதல் 0.55 பங்குக்குள் இருக்கட்டும்.

முடிவுகளைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். விறைப்பு ஏறி இழுவை உறுதி இறங்கினால் கட்டிகள் இருக்கின்றன, உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பாருங்கள், தொடங்கிய புள்ளியில் கரும்புள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கே வட்டமான பள்ளம் இருந்தால் குமிழி. கண்ணாடி நிலை வெப்பநிலை இறங்கினால் அசிட்டோன் அல்லது ஹார்டனர் விகிதம். எந்திர எண்கள் நன்றாக இருந்து மின்கடத்தல் மட்டும் வராவிட்டால் குழாய் ஒடிந்திருக்கிறது, அல்லது அளவிட்ட விதம் தவறு. அச்சின் சுவரை ஒட்டிய மெல்லிய தோலில் குழாய் இருக்காது. மல்டிமீட்டர் முனையை அப்படியே வைத்தால் காப்புப் பொருள் என்றே காட்டும். 400 எண் உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்து, வெள்ளிப் பூச்சுத் தடவி, உலர்ந்தபின் அளக்கவேண்டும்.

இழைத் துணியோடு சேர்க்கும்போது இன்னொரு சங்கடம் வரும். வெற்றிட உட்செலுத்தலில், அதாவது வெற்றிடத்தால் ரெசினை உலர்ந்த துணிக்குள் இழுக்கும்போது, துணியே வடிகட்டியாகிவிடும். 7 மைக்ரான் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், கட்டிகள் வாசலிலேயே நின்றுவிடும். கண்ணாடி இழைத் தகட்டில் இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம்: ரெசின் நுழைந்த பக்கம் கருப்பு, வெளியேறிய பக்கம் சாம்பல். கார்பன் இழையில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இரு முனைகளிலும் தடிமன் வழியாக மின்தடையை அளந்து ஒப்பிடுங்கள். அரை மீட்டர் நீளத்துக்கு ரெசினை இழுப்பதைவிட, மேலே ரெசினைப் பரப்பும் வலை போட்டுத் தடிமன் வழியாக 2 மில்லிமீட்டர் மட்டும் இறங்கவைத்தால் பிரச்சினை வெகுவாகக் குறையும். அதைவிட எளிது, குழாயை ரெசினில் போடாமல் துணியில் தெளிப்பது: ஒரு சதுர மீட்டருக்கு 0.5 கிராம், எத்தனாலில் சோனிகேட் செய்து, காற்றுத் தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பலமுறை. அடுக்குகளின் நடுப்பகுதியில் மட்டும் தெளித்தாலே போதும், பிரிதல் பெரும்பாலும் அங்கே தொடங்கும். கையால் பூசிப் படிய வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

சிங்கப்பூரில் இந்தப் பொருள் உண்மையில் டன் கணக்கில் பொருந்தும் இடம் எப்பாக்சி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தட்டுகள்தான். உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் சில்லுத் தொழிற்பூங்காக்களில் நிலைமின்சாரம் தேங்காத தட்டுகளும் பெட்டிகளும் அன்றாடத் தேவை. கரிப்புகையை (கார்பன் பிளாக்) போட்டால் 15% அல்லது அதற்கு மேல் வேண்டும், உரசினால் கருந்தூள் உதிரும். குழாயில் 2 முதல் 4% போதும். 15% கெட்டிக் குருணை ஒரு பங்கு, வெறும் பாலிகார்பனேட் நான்கு பங்கு கலந்தால் 3% வரும். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் 4 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே இயந்திரத்தில் போடுங்கள். அச்சுக்குள் வேகமாக அடித்தால் குழாய்கள் ஓட்டத்தின் திசையில் படுத்துவிடும், தோலில் வலை அறுந்துவிடும், ஒரே தட்டில் உருகல் நுழையும் வாசலருகே மின்தடை ஓர் எண்ணும் மூலையில் வேறோர் எண்ணும் வரும். அச்சின் சூட்டையும் உருகலின் சூட்டையும் ஏற்றி, செலுத்தும் வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து. குழாயின் அளவை ஏற்றுவது கடைசி வழி.

கடலோரத்தில் அலுமினியத்தை ஒட்டி வைக்கப்போகிறீர்கள் என்றால், மின்சாரம் கடத்தும் கார்பன் ரெசின் உப்புநீரில் அலுமினியத்தை அரிக்கும். நடுவே ஓர் அடுக்கு கண்ணாடி இழைத் துணி போட்டுப் பிரித்துவிடுங்கள்.

தூள் விஷயத்தில் அலட்சியம் கூடாது. பல சுவர் குழாயில் எம்டபிள்யூசிஎன்டி-7 என்ற ஒரு வகையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி வகையில், அதாவது மனிதருக்கு ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற பட்டியலில், வைத்திருக்கிறது. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2013-இல் பரிந்துரைத்த வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம், அது மிக மிகக் குறைவான அளவு. பையைத் திறப்பதும் எடைபோடுவதும் வடிகட்டியுள்ள கூண்டுக்குள் மட்டும். நுண்தூளை வடிகட்டும் பி100 முகக்கவசம், இரண்டு அடுக்கு நைட்ரைல் கையுறை. சிந்தினால் பெருக்கவேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் அதை அறை முழுக்க ஊதிவிடும். இறுகிய தகட்டை அறுப்பதும் தேய்ப்பதும் தண்ணீர் ஓடவிட்டுத்தான்.

கறைபட்ட துணி, கையுறை, கழுவிய அசிட்டோன் எல்லாம் தனித்தனி மூடிய கலன்களில், பெயர்ச்சீட்டோடு, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுத் தொழிற்கழிவு சேகரிப்பாளரிடம் போகவேண்டும். மிஞ்சிய ரெசினை ஹார்டனரோடு கோப்பையில் அப்படியே விட்டுப்போகாதீர்கள், 200 கிராம் குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே புகையும். தட்டில் மெல்லியதாகப் பரப்பி இறுகவிடுங்கள். ஹார்டனர் சேராத கெட்டிக் கலவையை மட்டும் மூடிவைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை எடுக்கும்போது ஆலையில் 15-க்கு 5-இல் ஒரு முறை ஓட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். டப்பாவின்மேல் தேதியும் வடிகட்டி எடைபோட்ட உண்மைச் சதவீதமும் எழுதியிருக்கட்டும்.